நொதி நின்றதா, அழிந்ததா? மரச்சீனிப் பானை முதல் பள்ளி ஆய்வகம் வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மேல்நிலைப் பள்ளி உயிரியல் செய்முறைக் குறிப்பேடுகளில் ஒரு வாக்கியம் வருடந்தோறும் தவறாமல் வருகிறது: "குறைந்த வெப்பநிலையிலும் அதிக வெப்பநிலையிலும் நொதி செயல்படாது." எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஐஸில் வைத்த நொதி வேலையை மிக மெதுவாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்தால் பழையபடி வேலை செய்யும். கொதிக்கவைத்த நொதியோ உருக்குலைந்துவிட்டது, ஆறவைத்தாலும் திரும்பாது. அமிலத்திலும் இதே இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நொதி பற்றிப் படித்ததில் பாதி வீண்.

குமரி மாவட்டத்தில் இது ஏட்டோடு நிற்கிற விஷயம் அல்ல. நம் வீட்டில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கிற பானையும், பனையிலிருந்து அக்கானி (பதநீர்) இறக்குகிற கலயமும், துறையில் ஐஸ் போடுகிற மீன்பெட்டியும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே வீட்டில் சமைப்பவர்களும் ஆய்வகத்தில் பாடம் நடத்துபவர்களும் சேர்ந்து படிக்கும்படி இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறோம். நொதி என்பது உயிர்களில் வேதிவினையை விரைவாக்கும் புரதம். நீண்ட அமினோ அமிலச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்து, நடுவே ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. வேலை நடப்பது அந்தப் பள்ளத்தில். சூடு ஏறும்போது மூலக்கூறுகள் வேகமாக மோதுவதால் வினை விரைவாகிறது. பெரும்பாலான நொதிகளில் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதே சூடு ஓர் அளவுக்கு மேல் போனால் மடிப்பைப் பிடித்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் அறுந்து சங்கிலி அவிழ்கிறது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி நீர்க்காதது போலத்தான் இதுவும். அமிலத்தின் கதை வேறு. பள்ளத்தில் இருக்கும் சில அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட மின்னூட்டத்தோடு இருந்தால்தான் வினை நடக்கும். பிஎச் (அமிலமோ காரமோ எவ்வளவு என்று காட்டும் அளவு) மாறினால் அந்த மின்னூட்டம் மாறும், வேகம் குறையும். பிஎச்சை மீட்டால் வேகமும் மீளும். பிஎச் மிகக் கீழே அல்லது மிக மேலே போனால்தான் வடிவமே குலைகிறது. பிஎச்சில் ஓர் அலகு என்பது ஹைட்ரஜன் அயனி அளவில் 10 மடங்கு வித்தியாசம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 6.8-க்கும் 5-க்கும் இடையே எண்ணில் சிறு தூரம்தான். அயனி அளவில் அது 60 மடங்குக்கும் மேல்.

இனி மரச்சீனி. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இந்தக் கிழங்கைப் பரப்ப ஊக்கம் கொடுத்தார். அப்போது நம் மாவட்டமும் திருவிதாங்கூர்தான். அன்று முதல் மரச்சீனியும் சாளைக் (மத்தி மீன்) கறியும் இங்கே பிரியாத ஜோடி. இந்தக் கிழங்கில் லினமாரின் என்ற சேர்மம் இருக்கிறது. அது செல்லின் உள்ளே இருக்கும் நீர்ப்பையில் தங்கியிருக்கும். அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி செல்சுவரில் இருக்கும். கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நறுக்கினாலும் துருவினாலும் நசுக்கினாலும் சந்திக்கும். நொதி லினமாரினை உடைத்ததும் குளுக்கோஸும் அசிட்டோன் சயனோஹைட்ரினும் கிடைக்கும். பின்னது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடாக வெளியேறும். அதன் கொதிநிலை 26 டிகிரிக்கும் சற்றுக் கீழேதான். ஆகவே திறந்த பானையில் அது ஆவியோடு போய்விடும்.

இங்கே நொதி நமக்கு எதிரி அல்ல, துணை. அது எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு லினமாரின் கிழங்கை விட்டு நீங்கும். பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு, "நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் விஷம் செத்துவிடும்" என்று சொல்கிறார்கள். லினமாரேஸ் 55 டிகிரிச் சுற்றில், பிஎச் 6 பக்கத்தில், நன்றாக வேலை செய்யும். 70 டிகிரியைத் தாண்டினால் விரைவாக அழியும். லினமாரினோ கொதிநீரில் எளிதில் சிதையாது. கொதிக்கிற தண்ணீரில் பெரிய துண்டுகளைப் போட்டால் சிதைக்க வேண்டிய நொதி முதல் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடுகிறது, சிதைய வேண்டிய பொருள் கிழங்குக்குள் மிச்சமிருக்கிறது. அதைச் சாப்பிட்டால் குடலில் உள்ள பாக்டீரியாக்களின் நொதிகள் மிச்ச வேலையைச் செய்யக்கூடும்; அப்போது சயனைடு வெளிவருவது நம் வயிற்றுக்குள்.

ஆகவே அவிக்கும் முறை இதுதான். மேல்தோலோடு அதன் அடியில் உள்ள தடித்த உள்தோலையும் முழுக்க உரிக்க வேண்டும். சேர்மம் சதையைவிடத் தோலில்தான் கூடுதல். நடு நரம்பை நீக்கி, துண்டுகளைச் சிறிதாக, விரல் கனத்துக்கு மேல் போகாமல் நறுக்க வேண்டும். துண்டு பெரிதானால் உள்ளிருப்பது வெளியே கரைந்து வராது. பச்சைத் தண்ணீரில், கிழங்கு முங்கி மேலே நாலு விரல் நிற்கும் அளவு ஊற்றி, மிதமான தீயில் வைத்து, சூடு மெல்ல ஏற விடுங்கள். 40-லிருந்து 65 டிகிரி வரை ஏறுகிற அந்த நேரம்தான் லினமாரேஸுக்குக் கிடைக்கிற வேலை நேரம். மூடி போட வேண்டாம். கொதி வந்து 10 நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புது வெந்நீர் ஊற்றி, உப்பு போட்டு, வேகும்வரை வைத்து மறுபடி வடிக்க வேண்டும். லினமாரின் தண்ணீரில் கரையும், அதனால் வடிப்பதிலேயே பெரும்பங்கு போய்விடும். பிரஷர் குக்கரில் குறைந்த தண்ணீர் விட்டு, வடிக்காமல், தேங்காயும் மிளகும் போட்டுக் குழைத்துவிடுகிற அவசரச் சமையல்தான் எங்களுக்குக் கவலை. அதில் நொதிக்கு நேரமும் இல்லை, ஆவிக்கு வழியும் இல்லை, கரைந்தது போக இடமும் இல்லை.

எல்லாக் கிழங்கும் ஒன்றுபோல் ஆபத்தானது என்று பயமுறுத்துவது எங்கள் நோக்கம் அல்ல. மலையன்-4 என்கிற எம்-4 போன்ற சாப்பாட்டு வகைகளில் சயனைடு அளவு குறைவு. கசக்கிற வகைகளிலும், மழையில்லாமல் வாடிய கொல்லையில் விளைந்த கிழங்கிலும் அது கூடும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்த வகை எதற்கு என்பதை நடுமுன் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாயில் வைத்ததும் கசந்தால் அந்தக் கிழங்கை உண்ணவே வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் செய்து நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மரச்சீனி சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும்.

மாவாக்கி வைப்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. அது நொதிப் பாடத்தை அப்படியே பயன்படுத்துகிறது. பச்சைக் கிழங்கை வெயிலில் உலர்த்தி அரைத்த மாவில் லினமாரினும் இருக்கும், லினமாரேஸும் இருக்கும். ஈரம் இல்லாததால் நொதி சும்மா இருக்கிறது. மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பாயில் 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் பரப்பி, நிழலில் 5 மணி நேரம் அல்லது வெயிலில் 2 மணி நேரம் விட்டால், நொதி மறுபடி வேலை செய்து சயனைடை வெளியேற்றிவிடும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. அவித்து உலர்த்திய கிழங்கின் மாவுக்கு இந்த முறை பலிக்காது. அதில் நொதி முன்பே அழிந்துவிட்டது. நின்ற நொதிக்கும் அழிந்த நொதிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. அரைத்த விழுதைப் புளிக்கவைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பிஎச் 5-க்குக் கீழே போனால் அசிட்டோன் சயனோஹைட்ரின் சீக்கிரம் சிதையாமல் தங்கிவிடும். புளித்ததை நன்றாக வறுத்தோ வேகவைத்தோதான் உண்ண வேண்டும்.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரச்சீனி இலையில் இந்தச் சேர்மம் நிறைய உண்டு. பன்றியின் இரைப்பையில் அமிலம் கடுமையாக இருப்பதால் இலையின் நொதி அங்கே சீக்கிரம் செயலிழக்கும். ஆடு மாட்டின் முதல் வயிற்றில் பிஎச் 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கும்; லினமாரேஸுக்கு வேண்டியதும் அதே பிஎச். போதாததற்கு அங்குள்ள நுண்ணுயிர்களும் உடைக்கும். கொல்லைக்குள் அவிழ்ந்து புகுந்த ஆடு சற்று நேரத்தில் சரிந்து விழுவது இதனால்தான். இலையைப் போடுவதானால் நறுக்கி, பரப்பி, நன்கு உலர்த்திய பிறகு, மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள். ஆடு பாதிக்கப்பட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு.

அக்கானிக்கு வருவோம். பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதன் பின்னால் இருப்பது பிஎச் கணக்குதான். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஈஸ்ட் பெருகி, அதன் இன்வெர்டேஸ் நொதி சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும். பிறகு அது கள்ளாகும். இன்வெர்டேஸுக்கு ஏற்ற பிஎச் 4.5 பக்கம். புளிக்கப் புளிக்க அமிலம் கூடுவதால் அந்த நொதிக்கு இடம் மேலும் வசதியாகிறது. சுண்ணாம்பு பிஎச்சைக் கடும் காரத்துக்கு ஏற்றிவிடுவதால் ஈஸ்டும் வளராது, நொதியும் ஓடாது. சுண்ணாம்பு குறைந்தால் என்ன ஆகும் என்பது கருப்பட்டி காய்ச்சும் அடுப்பில் தெரியும்: பாகு முற்றினாலும் சிரட்டையில் கட்டிப்படாது, கருப்பட்டி பிசுபிசுக்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்து ஒழுகும். சுக்ரோஸ்தான் படிகமாகும், பிளந்த சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும். "காய்ச்சும்போது நொதி செத்துவிடுமே" என்று கேட்கலாம். உண்மைதான், இன்வெர்டேஸ் காய்ச்சும் சூட்டில் அழிந்துவிடும். ஆனால் அக்கானி ஏற்கெனவே புளித்திருந்தால், நொதி இல்லாமலே, அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸைப் பிளக்கும். அதனால்தான் இறக்கிய அக்கானியை நேரம் கடத்தாமல் அடுப்பேற்ற வேண்டும். சுண்ணாம்பு மிஞ்சினாலும் கேடுதான். பாகு கறுத்து, சுவை கெட்டுவிடும்.

இந்த இன்வெர்டேஸுக்கு அறிவியல் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் பிஎச் அளவுகோலை உருவாக்கியதே நொதி ஆய்வுக்காகத்தான். பெர்லினில் லியோனோர் மிக்கேலிஸும் மாட் மென்டனும் 1913-இல் வெளியிட்ட நொதி வேகக் கணக்குக்கு எடுத்துக்கொண்டதும் இன்வெர்டேஸைத்தான். முந்தைய ஆய்வாளர்கள் கோட்டைவிட்ட இடம் பிஎச். இவர்கள் இருவரும் அதைப் பஃபரால் (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசலால்) கட்டிவைத்துப் பார்த்தார்கள். கருப்பட்டி காய்ச்சும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இப்போது பள்ளி ஆய்வகம். ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) உடைக்கும் உமிழ்நீர் நொதியான அமைலேஸ் பற்றிய சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது பொறுமையும் சரியான அளவும்.

ஸ்டார்ச் கரைசல் 1 சதவீதம்: 1 கிராம் ஸ்டார்ச்சை 10 மி.லி. பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 90 மி.லி. நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். வாங்க முடியாவிட்டால் மரச்சீனியைத் துருவிப் பிழிந்து, அடியில் படிகிற வெள்ளை மாவை நாலைந்து தடவை தண்ணீர் மாற்றிக் கழுவி உலர்த்தினால் அதுவே போதும். கரைசலை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். பழையது திரிந்து படியும். நுண்ணுயிர் புகுந்தால் அதுவே ஸ்டார்ச்சைத் தின்றுவிடும். ஸ்டார்ச் இருந்தால் நீலம் காட்டும் அயோடின் கரைசலுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைக் கரைத்து, பிறகு 300 மி.லி. ஆக்க வேண்டும். வரிசை மாறினால் அயோடின் கரையாமல் அடியில் கிடக்கும்.

பஃபர்தான் அதிகம் பிசகும் இடம். சிட்ரிக் அமிலம் 0.1 மோலார், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.2 மோலார் என இரண்டு கரைசல் செய்துகொண்டால் போதும். 100 மி.லி. பஃபருக்கு, பிஎச் 5 வேண்டுமானால் பாஸ்பேட் 51.5 மி.லி., சிட்ரிக் 48.5 மி.லி.; பிஎச் 6.8-க்கு 77.3-ம் 22.7-ம், பிஎச் 8-க்கு 97.3-ம் 2.7-ம். எடை போடுமுன் பாட்டில் லேபிளைப் படியுங்கள். 250 மி.லி. பாஸ்பேட் கரைசலுக்கு நீரற்ற உப்பு என்றால் 7.1 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு உள்ளது என்றால் 8.9 கிராம், பன்னிரண்டு உள்ளது என்றால் 17.9 கிராம். லேபிளைப் பாராமல் 7.1 கிராம் போட்டு, கரைசல் பாதிக்கும் குறைவான செறிவில் இருக்க, பிஎச் 6.8 என்று ஒட்டுத்தாள் ஒட்டிய குடுவைதான் "ஏன் சார் ரிசல்ட் வரவில்லை" என்ற கேள்விக்குப் பல நேரம் காரணம். சிட்ரிக் அமிலம் ஒரு நீர் மூலக்கூறு உள்ள வகை என்றால் 250 மி.லி.க்கு 5.25 கிராம். கலந்த பின் குறுகிய வரம்புள்ள பிஎச் தாளில் சரிபார்க்க வேண்டும். 1 முதல் 14 வரை காட்டும் தாள் ஓர் அலகு வரை தவறாகக் காட்டும்.

உமிழ்நீரை வாய் கொப்பளித்த பின் எடுத்து, பஞ்சில் வடிகட்டி, 10 மடங்கு நீர்த்துத் தொடங்குங்கள். ஒரு தொகுதிச் சோதனைக்கு ஒரே ஆளின் உமிழ்நீர்தான். ஆளுக்கு ஆள் அமைலேஸ் அளவு பெரிதும் மாறும். 37 டிகிரியில், பிஎச் 6.8-இல் நீலம் மறைய 3 முதல் 5 நிமிடம் ஆகும்படி நீர்க்கும் அளவை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும். கெட்டியாக இருந்தால் எல்லாக் குழாயிலும் அரை நிமிடத்தில் நிறம் போய், வெப்பநிலை எதுவானாலும் ஒன்றுதான் என்ற தப்பான முடிவு வரும். மிகவும் நீர்த்தால் பாடவேளை முடிந்தாலும் நீலம் அப்படியே நிற்கும். குழாய்க்கு ஸ்டார்ச் 5 மி.லி., பஃபர் 2 மி.லி., 1 சதவீத உப்புக் கரைசல் 1 மி.லி. விட்டு, கடைசியில் உமிழ்நீர்க் கரைசல் 1 மி.லி. சேர்க்க வேண்டும். சாதாரணச் சோடியம் குளோரைடுதான், ஆனால் விட்டுவிடக் கூடாது: குளோரைடு அயனி இல்லாமல் இந்த அமைலேஸ் முழு வேகம் எடுக்காது.

வெப்பநிலைச் சோதனையில் ஸ்டார்ச்சையும் உமிழ்நீரையும் தனித்தனிக் குழாயில் அந்தந்த வெப்பநிலையில் 5 நிமிடம் வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். அறைச் சூட்டில் கலந்துவிட்டு ஐஸில் வைத்தால், ஐஸ் குளிர்விப்பதற்குள் பாதி வினை நடந்துவிடும். அயல்நாட்டுப் புத்தகங்கள் "அறை வெப்பநிலை 25" என்கின்றன. நாகர்கோவிலில் மார்ச் மாத மதியத்தில் அறை 30-ஐத் தாண்டியிருக்கும். அளந்து எழுதுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, ஆய்வகத் தெர்மாமீட்டர் வேண்டும். வாட்டர் பாத் இல்லாத பள்ளியில் 3 லிட்டர் அலுமினியப் பாத்திரமும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் இருந்தால் 37 டிகிரியை ஒரு டிகிரி ஏற்ற இறக்கத்தில் நிறுத்திவிடலாம்.

குழித்தட்டில் குழிக்கொரு துளி அயோடின் வைத்து, 30 நொடிக்கொரு தரம் கலவையில் ஒரு துளி எடுத்து விட்டு, நீலம் ஊதாவாகி, பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த நிறமே நிற்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இங்கே இரண்டு பொய்த் தோற்றங்கள் ஏமாற்றும். ஒன்று, சூடு. ஸ்டார்ச்–அயோடின் நீலம் சூட்டில் தானாகவே மங்கும். ஆறினால் திரும்ப வரும். 70 டிகிரிக் குழாயிலிருந்து எடுத்த துளியைச் சுடச்சுடப் பார்த்து "ஸ்டார்ச் செரித்துவிட்டது" என்று எழுதுவது தப்பு. துளி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, காரம். பஃபர் இல்லையென்று சலவைச் சோடாவைக் கரைத்து விடுகிறார்கள். கடும் காரத்தில் அயோடினே வேறு சேர்மமாகி நிறம் இழக்கும். நொதியே இல்லாத ஸ்டார்ச்சிலும் நீலம் வராது. அந்தக் குழியில் முதலில் ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டால் உண்மை தெரிந்துவிடும். இந்த இரண்டையும் பிடிக்கத்தான் ஒவ்வொரு நிலைக்கும் நொதிக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட ஒரு ஒப்பீட்டுக் குழாய் கட்டாயம் வேண்டும் என்கிறோம்.

இனி நாங்கள் வலியுறுத்த விரும்பும் கூடுதல் படி. இதற்கு 15 நிமிடம் போதும். ஐஸில் இருந்து நீலம் மறையாத குழாயை 37 டிகிரி நீருக்கு மாற்றுங்கள்: சில நிமிடங்களில் நீலம் மறையும். கொதிக்கவைத்த உமிழ்நீரை 37-க்கு ஆறவிட்டுச் சேருங்கள்: எவ்வளவு நேரம் ஆனாலும் நீலம் நிற்கும். அதேபோல உமிழ்நீரை பிஎச் 5 பஃபரில் 10 நிமிடம் வைத்துவிட்டு, 6.8 பஃபரை நிறையச் சேர்த்து பிஎச்சை மீட்டுப் பாருங்கள். வேகம் பெரும்பாலும் திரும்பும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிஎச் 2-க்கு இறக்கி வைத்திருந்து மீட்டால் திரும்பாது. நாம் விழுங்கும் உமிழ்நீருக்கு இரைப்பையில் நேர்வதும் இதுதான். அதே அமிலத்தில் இரைப்பை நொதியான பெப்சின் சுகமாக வேலை செய்யும், அதற்கு வேண்டியதே பிஎச் 2 பக்கம். சிறுகுடலில் டிரிப்சின் என்ற நொதிக்கு வேண்டியது 8.

பாடநூல் வரைபடத்தில் மணி வடிவில் ஒரு கோடு போட்டு உச்சியில் "உகந்த வெப்பநிலை" என்று எழுதியிருக்கும். மாணவர்கள் அதை உருகுநிலை போல மாறாத எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஏறுகிற பக்கம் வினை விரைவதால் வருவது, இறங்குகிற பக்கம் நொதி அழிவதால் வருவது. அழிவுக்கு நேரம் பிடிக்கும். ஆகவே 2 நிமிடச் சோதனையில் 50 டிகிரி உச்சமாகத் தெரியும் நொதி, அரைமணிச் சோதனையில் 40-இல் உச்சம் காட்டலாம். எத்தனை நிமிடச் சோதனை என்று சொல்லாமல் உகந்த வெப்பநிலை சொல்வதில் பொருள் இல்லை.

உமிழ்நீரைக் கையாளத் தயங்கும் பள்ளிகள் முளைகட்டிய கேழ்வரகை உலர்த்திப் பொடித்து, 5 கிராமை 50 மி.லி. நீரில் அரைமணி ஊறவைத்து வடிகட்டினால் நல்ல அமைலேஸ் கிடைக்கும். அதற்கு உகந்தது பிஎச் 5 பக்கம், வெப்பநிலை 50 பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டினால் ஒவ்வொரு நொதிக்கும் அதன் எல்லை வேறு என்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் புரியும்.

மீன் பற்றிச் சுருக்கமாக. ஐஸ் நொதியை மெதுவாக்கும், அழிக்காது. வயிறு நிறைய இரையோடு பிடிபட்ட சாளை ஐஸிலும் வயிறு வெடிப்பது அதன் சொந்தச் செரிமான நொதிகளால். சூரை, அயிலை, சாளை மூன்றிலும் இன்னொரு கவலை: சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்களின் ஒரு நொதி மீனில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, உடலுக்குக் கெடுதலான ஹிஸ்டமினாக்கும். பாக்டீரியா பெருகிய பின் ஐஸ் போட்டால் பெருக்கம் நிற்கலாம், ஏற்கெனவே உண்டான நொதி குளிரிலும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். கொதிக்கவைத்தால் நொதி அழியும், உண்டான ஹிஸ்டமின் அழியாது. எனவே குளச்சலோ தேங்காய்ப்பட்டணமோ, கரைக்கு வந்த பிறகு போடும் ஐஸைவிட வள்ளத்திலேயே, கிலோவுக்குக் கிலோ என்ற கணக்கில் போடும் ஐஸ்தான் பயன் தரும்.

கல்வித் துறைக்கும் செய்முறைத் தேர்வாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: இந்தச் சோதனைக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், ஒப்பீட்டுக் குழாய்க்கும், ஐஸிலிருந்து மீட்டுப் பார்த்த குழாய்க்கும் தனி மதிப்பெண் வையுங்கள், வழிகாட்டி நூலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாத அளவீட்டை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்காமல், அளந்த வெப்பநிலையையும் நேரத்தையும் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பள்ளியிலும் நல்ல தராசு இருக்காது. அருகருகே உள்ள நாலைந்து பள்ளிகளுக்கு ஒரே இடத்தில் சிட்ரிக், பாஸ்பேட் கரைசல்களைச் செய்து பகிர்ந்துகொள்ளலாம். சிட்ரிக் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாஸ்பேட் கரைசல் குளிரில் படிகமாகி அடியில் நிற்கும். அதை வெளியே வைத்து, முழுக்கக் கரைந்த பிறகே அளந்து எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் இருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.